நாலு படத்திலும் ஒரு கோடு

பத்து வருடமாக நானும் என் நண்பனும் கொட்டாஞ்சேனையில் அவன் வீட்டு மொட்டைமாடிக்குத் தொலைநோக்கியை இருவருமாகத் தூக்கிப்போய் விண்கல் தேடினோம். துறைமுக வெளிச்சம் பாதி வானத்தைத் தின்றுவிடும், மீதியை மழை. எடுத்த படங்களைக் காலையில் கணினியில் மாற்றி மாற்றிப் போட்டு, நட்சத்திரங்களுக்கு நடுவே எது நகர்கிறதென்று பார்ப்போம். நகர்ந்ததெல்லாம் எவனோ ஏற்கனவே கண்டுபிடித்த கல். மலையைக் கெல்லி எலியைப் பிடித்தார்கள் என்பார்கள். எங்களுக்கு எலியும் இல்லை. எனக்குச் சலித்துவிட்டது. அவனோ ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாகக் கனடாவுக்கு, மகளிடம் போகிறான்.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை காலை, நாலு படத்திலும் ஒரு கோடு. பூமிக்குக் கிட்ட வேகமாகக் கடக்கிற கல் அப்படித்தான் கோடாக விழும். விண்கற்களின் பட்டியலில் அது இல்லை. அவன் போவதற்குள் எங்கள் இருவர் பேரிலும் ஒரு கல் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. புதுக் கற்களைப் பதிகிற மையத்துக்கு அறிக்கையை அனுப்பப் போனால் மணி பத்தரை, ராகுகாலம். பன்னிரண்டு ஆகட்டும் என்றேன்.

"கல்லுக்கும் ராகுகாலமோ மச்சான்?" அவன் வேதக்காரன், தேவாலயத்துக்குப் போகிறவன். சிரித்துக்கொண்டே பயணப் பெட்டி அடுக்கப் போனான்.

சும்மா இருக்கமுடியாமல், முதலிலேயே செய்திருக்க வேண்டியதை அப்போது செய்தேன். விண்வெளிக் குப்பைகளின் பட்டியலைத் திறந்து நேரத்தையும் திசையையும் கொடுத்தேன். அதே இடம், அதே வேகம். பழைய ராக்கெட் ஒன்றின் கழன்ற துண்டு, எரிபொருள் தீர்ந்த வெறும் கூடு.

அழுகை வந்தது. அவனிடம் சொல்லாமலே, கல் என்றே அறிக்கையை அனுப்பிவிடலாமா என்றும் யோசித்தேன். உண்மை தெரியவரும்போது அவன் கனடாவில் இருப்பான். மனம் கேட்கவில்லை, சொல்லிவிட்டேன்.

ஒருகொடவத்தையில் கொள்கலன் யார்ட்டில் முப்பது வருடம் எழுதுவினைஞனாக இருந்தவன் அவன். பக்கத்தில் வந்து இருந்தான்.

"எம்டி பொக்ஸ், வெறும் பெட்டி, அவ்வளவுதானே. யார்ட்டில எம்டியைத்தான் கவனமா எழுதுவம். எழுதாட்டி அடுத்த ஷிப்ட்காரன் சாமான் இருக்கெண்டு நினைச்சு மினக்கெடுவான். எழுது."

பன்னிரண்டு மணிக்கு, அறிக்கையில் கல் என்பதை அழித்து ராக்கெட் துண்டு என்று எழுதினேன். அவன் பேரை முதலில் போட்டு அனுப்பினேன்.

தொலைநோக்கி இப்போது வெள்ளவத்தையில் என் வீட்டுக் கூடத்து மூலையில் நிற்கிறது. அதை மாடிக்கு ஏற்ற இரண்டு பேர் வேண்டும்.