அத்தையின் நரம்பில் ஏறிய காற்று

நான் செய்த குற்றத்துக்கு என் அம்மா திட்டு வாங்கினாள். பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை.

இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அம்மா நர்ஸ். பிரசவத்தில் இரத்தம் அதிகம் போயிருந்த அத்தைக்கு அன்று காலை சேலைன் ஏற்றினாள். வேகமாக இறங்கட்டும் என்று கண்ணாடிப் போத்தலில் ரப்பர் பந்து ஒன்றைப் பொருத்திக் காற்றடித்தாள். அத்தை சற்றுத் தெளிந்ததும் என்னைக் காவலுக்கு உட்காரவைத்தாள்.

"தண்ணி போத்தல் கழுத்துக்கு எறங்குனா கூப்பிடு. எதையும் தொட்டுறாத."

அந்த மாசியில்தான் காமன் கூத்துக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்குக் கிடைத்திருந்தது. வெளிச்சம் மங்கினால் காற்றடிப்பேன். ரதியும் மன்மதனும் மறுபடி பளிச்சென்று தெரிவார்கள். எங்கள் வீட்டு வரிசையான லயம் முழுக்க எனக்கு அதில் நல்ல பெயர். ஆகவே சொட்டு மெதுவானபோது கூப்பிடத் தோன்றவில்லை. பந்தைப் பிடித்து அழுத்தினேன். போத்தல் தீர்ந்துபோனதையும் கவனிக்கவில்லை.

"அண்ணி... நெஞ்ச அடைக்குது..."

அத்தையின் உதடு நீலம் பாய்ந்தது. ஓடிவந்த அம்மா குழாயில் குமிழிகள் ஓடுவதைக் கண்டதும் அதை மடித்து நெரித்தாள்.

"நரம்புல காத்து ஏறிருச்சு! ஆயா, கால்மாட்டுல கட்டிலத் தூக்கிச் செங்கல் வையி!"

ஏறிய காற்று இதயத்தின் வழியை அடைத்துவிடாதபடி அத்தையை இடப்பக்கமாகப் புரட்டித் தலையைத் தாழ்த்தினாள். மூக்கில் ஒட்சிசன் வைத்தாள். அத்தையின் உதடு சிவக்கும்வரை நாடியிலிருந்து விரலை எடுக்கவில்லை. அந்த விரல்களை நினைத்தால் இப்போதும் என் நெஞ்சு நிமிர்கிறது.

மத்தியானம் வந்த டாக்டர் முதலில் பாராட்டினார். பிறகு, "காத்தடிச்சது யாரு?" என்றார்.

"நான்தாங்க ஐயா. போத்தல கவனிக்கல."

அவர் திட்டித் தீர்த்தார். அந்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வு அம்மாவுக்கு வரவில்லை.

விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், ஒரு விடுமுறையில் அவளிடம் உண்மையைச் சொன்னேன். டாக்டரிடமும் போய்ச் சொல்வதாக அழுதேன். அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"அவரு எப்பவோ மாத்தலாகிப் போயிட்டாரு. நான் கொழாயப் புடிச்சப்போ ஒன் கை பந்து மேலதானே இருந்துச்சு? ரொட்டியத் திருப்புடா, கருகுது."

அத்தை வீடு திரும்பிய மறுவாரமே, பந்தைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, இன்னொரு நோயாளியின் போத்தலுக்கு முன் என்னை உட்காரவைத்தவள் அவள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து, அன்று நான் நிம்மதியாக மூச்சுவிட்டிருந்தேன்.