தொட்டுப் பார்த்தது நான்

மலேசியாவில், குளுவாங்கில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் நான் லைன் லீடர். இன்று அமோனியா வாடை வழக்கத்தைவிடக் காட்டமாக ஏறியது. என் லைனில் வேலை செய்யும் எட்டுப் பேரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"மேனேஜர கேக்காம மிஷின நிறுத்தாதீங்கக்கா," என்றாள் கலா. மேனேஜரோ போனை எடுக்கவில்லை.

எஸ்டேட்டில் ஆட்களை மேற்பார்வை பார்க்கும் மண்டோராக இருந்த அப்பாவின் சட்டையிலும், ரப்பர் பால் உறையாமலிருக்கச் சேர்க்கும் இதே அமோனியா வாடைதான். மழை பெய்த விடியலில், பெரட்டில் பேர் கொடுக்க வந்த தொழிலாளர்கள் வாளியோடு காத்து நிற்க, அவர் ரப்பர் மரப்பட்டையைத் தடவிப் பார்ப்பார். காய்ந்திருந்தால்தான் பால் வெட்டு. ஒருநாள் பட்டை ஈரமாக இருந்தும், எஸ்டேட் துரை அவசரப்படுத்தியதால் வெட்டச் சொல்லிவிட்டார். மறுபடி மழை பிடித்துக்கொண்டது. அத்தனை பேர் உழைப்பும் மரத்தடியில் வெள்ளையாக ஓடியது.

மறுநாள் பெரட்டில் அப்பா சொன்னார்: "தொரைய ஏசாதீங்க. தொட்டுப் பாத்தது நானு. ஈரம்னு எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு, அன்றைய பட்டையைத் தடவிப் பார்க்கப் போனார்.

நான் மிஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். எல்லாரையும் வெளியே அனுப்பினேன். கடைசியாகக் கலா போனபோது போன் அடித்தது. மேனேஜர். எடுத்தேன்.

"நான்தான் சார் நிறுத்தினேன்," என்றேன், அவர் கேட்பதற்கு முன்பே.