திருமழிசை குடோனில் கண்ணாடி மாட்டிய நாட்கள்

வேலை செய்கிறவர்களின் கஷ்டத்தைக் குறைப்பதுதான் என் தொழில். இதைச் சொன்னால் முதலில் சிரிப்பது அந்த வேலை செய்கிறவர்கள்தான்.

உங்கள் ஆபீஸுக்கும் ஒரு நாள் கழுத்தில் அட்டையும் தோளில் லேப்டாப்புமாக ஒருவன் வந்திருப்பான். "இனிமே எல்லாம் ஈஸி" என்று எதையோ மாட்டிவிட்டுப் போயிருப்பான். அதற்கப்புறம் நீங்கள் பட்ட பாடு உங்களுக்குத்தான் தெரியும். அந்த ஒருவன் நான்தான்.

எனக்குக் கள்ளிக்குப்பத்தில் ஃபிளாட், அம்பத்தூரில் ஆபீஸ், திருமழிசையில் வேலை. அங்கே பிரேக் சாமான் செய்கிற ஒரு தொழிற்சாலையின் குடோனுக்கு ஏ.ஆர். கண்ணாடி கொண்டுபோனோம். அதைப் போட்டுக்கொண்டால் எதிரே இருக்கிற ரேக்கின் மேலேயே அம்புக்குறியும் எழுத்தும் மிதப்பதுபோல் தெரியும். எந்த வழி, எந்தப் பெட்டி, எத்தனை என்று அதுவே காட்டும். கையில் பேப்பர் வேண்டாம், தேடி அலைய வேண்டாம், இடுப்பு ஒடியக் குனிய வேண்டாம். அப்படித்தான் சொன்னேன். நம்பித்தான் சொன்னேன்.

கோர்ட்டுத் தமிழ்

முதல் நாள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற தாஸ் அண்ணனிடம் ஒரு கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் அதைப் போட்டுக்கொண்டு, எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார்: "கீழ்நிலை அடுக்கினின்று உருப்படியை மீட்டெடுக்கவும்." குடோனே சிரித்தது. அந்தத் தமிழை எங்கள் ஆபீஸில் யாரோ மொழிபெயர்த்திருந்தார்கள். படித்துப் பார்க்காமலே 'ஓகே' போட்டது நான்.

தாஸ் அண்ணன் கண்ணாடியைக் கழற்றி என் கையில் வைத்தார். "இன்னா சார், கோர்ட்டு நோட்டீஸ் கணக்கா பேசுது? நா இன்னா தப்பு பண்ணேன்?"

எல்லார் எதிரிலும்

கஸ்தூரி அக்கா வெள்ளானூர். அப்பா அம்மா காலம் வரை ஊரார் வயலில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். இந்தக் குடோனுக்கு வந்து பதினோரு வருஷம். பெட்டி எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அப்பேர்ப்பட்டவர் கண்ணாடியைப் போட்டதும் அசையாமல் நின்றுவிட்டார். கருவியில் கோளாறு என்று நினைத்து நான் அருகே போனேன். "என்ன எழுதியிருக்குன்னு படிங்கக்கா" என்றேன். அக்கா தலையைத் திருப்பி யாரையோ தேடினார். "சத்தமா படிங்கக்கா, எல்லாரும் கேக்கட்டும்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டியபோதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்கு எண் தெரியும், எழுத்து தெரியாது. எடுக்க வேண்டிய பெட்டிகளின் லிஸ்ட் கைக்கு வந்ததும், கூட வேலை செய்கிற ராணி அதை ஒரு தடவை காதோரம் படித்துக்காட்டுவார். அதை மனசில் வைத்துக்கொண்டு, லேபிளின் நிறத்தையும் வடிவத்தையும் பார்த்தே அக்கா வேலையை ஓட்டிவிடுவார். கண்ணாடிக்குள் வருவது போட்டிருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். ராணியால் உதவ முடியவில்லை.

எழுத்துக்குப் பதில் படம் காட்டுகிற வசதி அதிலேயே இருந்தது. அன்று சாயங்காலம் ஒரு நிமிஷத்தில் மாற்றிக் கொடுத்தேன். அதைக் காலையிலேயே தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுச் செய்திருக்கலாம். ஷிப்ட் முடிந்து அக்கா என் மேஜைக்கு வந்தார். அவர் மருமகனுக்கும் அதே தொழிற்சாலையில்தான் வேலை. "பதினோரு வருஷமா ராணிக்கும் எனக்கும் மட்டும்தான் சார் தெரியும். இன்னிக்கு என் மருமவன் வரைக்கும் போயிருக்கும்."

குனிந்தவர்கள் பட்டியல்

யார் எவ்வளவு குனிகிறார்கள் என்பதைக் கண்ணாடி அளக்கும். அளவுக்கு மீறிக் குனிந்தால் ஓரத்தில் சிவப்பாக மின்னும். எந்த ரேக் ஆட்களை அதிகம் குனியவைக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த ரேக்கை மாற்றுவதுதான் திட்டம். ஆனால் அறிக்கையை நான் ரேக் வாரியாக எடுக்காமல் ஆள் வாரியாக எடுத்துக் கொடுத்துவிட்டேன். மேனேஜருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. மறுநாளே 'தவறாகக் குனிபவர்கள்' என்று தலைப்புப் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்.

அது தப்பு என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து யூனிட்டுக்கும் கண்ணாடி வாங்குவதாக அவர் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. நான் வாயைத் திறக்கவில்லை. பட்டியலில் முதல் பெயர் ராணியுடையது. நின்று நிதானமாகப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "வெயிட்டு பெட்டிய எல்லாம் கீழ் தட்டுல வெச்சது நீங்க. குனிஞ்சதுக்கு எம் பேர எழுதுவீங்களா?"

மிச்சமான நடை

முன்பெல்லாம் ஒவ்வொரு லிஸ்ட் முடிந்ததும் அடுத்ததை வாங்க வாசல் மேஜை வரை நடந்து போக வேண்டும். கண்ணாடி வந்தபின் அந்த நடை இல்லை. எவ்வளவு நடை குறைந்தது என்று கோடு போட்டு மீட்டிங்கில் காட்டினேன். கை தட்டினார்கள். அடுத்த வாரமே ஆளுக்கு இத்தனை பெட்டி என்ற கணக்கையும் ஏற்றிவிட்டார்கள்.

கால் வலி குறைந்ததா என்று ராணியிடம் கேட்டேன். "நடை கொறஞ்சுதுதான் சார். ஆனா லிஸ்ட் வாங்கப் போறப்பதான் தண்ணி குடிப்போம், கேன் அந்த மேஜைகிட்டதான் கீது."

ஆறாவது ரேக் முனை

ஃபோர்க்லிஃப்ட் பக்கத்தில் வந்தால் எச்சரிக்கிற வசதியும் எங்கள் திட்டத்தில் இருந்தது. அதைப் பொருத்த இன்னும் ஒரு மாதம் ஆகும் என்று வேலை தொடங்கும் முன்பே சொன்னேன். "பெட்டி எடுக்கிறத மட்டும் முதல்ல ஆரம்பிங்க, அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் மேனேஜர். சரி என்று தலையாட்டினேன்.

ஒரு நாள் காலை டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், கஸ்தூரி அக்கா ஆறாவது ரேக் முனையைத் திரும்பினார். அந்தப் பக்கமிருந்து தாஸ் அண்ணன் லோடுடன் வந்தார். பிரேக் போட்டும் வண்டி ஒரு அடி நகர்ந்தது. லோடு வைத்திருந்த மரப்பலகையின் விளிம்பு அக்காவின் பாதத்தின் மேல் ஏறி நின்றது. எலும்பு முறிந்துவிட்டது. பூந்தமல்லியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

தாஸ் அண்ணன் வெளி வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். அதுவரை என்னை 'சார்' என்று மட்டுமே கூப்பிட்டவர், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஆரன் அடிச்சேன்யா. அந்தக்கா என்னப் பாக்கவேயில்ல. உன் அம்பத்தான் பாத்துகினு வந்துச்சு."

வெள்ளானூரில்

இரண்டு வாரம் கழித்து அக்காவின் வீட்டுக்குப் போனேன். காலில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்வதென்று பஸ்ஸில் வழி முழுக்க யோசித்துக்கொண்டு போயிருந்தேன். "எல்லாம் என் தப்புதான்கா" என்று மட்டும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை.

"படம் வந்தது நல்லாத்தான் இருந்துச்சு சார். மொத மொதல்ல யாரையும் கேக்காம நானே எடுத்தேனா, அந்த சந்தோஷத்துல நிமிந்து பாக்காம வந்துட்டேன்."

முனையில் ஒன்று

அதற்கப்புறம்தான் முதலில் எழுதியிருக்க வேண்டிய அறிக்கையை எழுதினேன். கனமான பெட்டிகளை இடுப்பு உயரத்துக்கு ஏற்ற வேண்டும். வண்டிக்கும் ஆளுக்கும் தனித்தனி வழி வேண்டும். முனை வந்தால் அம்பு மறைந்துவிட வேண்டும். இந்த முறை மேனேஜரிடம் குரல் உயர்த்தியும் பேசினேன். ரேக் மாற்ற இரண்டே நாள்தான் ஆனது. கஸ்தூரி அக்கா மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தார். உட்கார்ந்தபடி ஸ்பிரிங்கைப் பாக்கெட்டில் போடுகிற வேலை கொடுத்தார்கள். இன்னும் சற்று சாய்ந்துதான் நடக்கிறார்.

ஆறாவது ரேக் முனையில், மலைப்பாதைத் திருப்பங்களில் இருக்குமே, அந்த மாதிரி உப்பலான வட்டக் கண்ணாடி ஒன்றை மாட்டினார்கள். ஏணியை நான் பிடித்துக்கொண்டேன். தாஸ் அண்ணன் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டு பேக்கிங்குக்கு மாறியிருந்தார். அவரும் வந்து அண்ணாந்து பார்த்தார். கண்ணாடியில் அந்தப் பக்கத்து வழி முழுசாகத் தெரிந்தது. "இந்தக் கண்ணாடிய மொதல்லயே மாட்டியிருந்தா, யார் மூஞ்சிலயும் ஒண்ணும் மாட்டியிருக்க வேணாமே சார்?"

இப்போது ஆவடிப் பக்கம் வேறொரு குடோனுக்குப் போகிறேன். முதல் வாரம் முழுக்க லேப்டாப் பையையே திறக்காமல் சும்மா நின்று ஆட்கள் வேலை செய்வதை வேடிக்கை பார்ப்பதால், அங்கே எனக்கு வேலை தெரியாதவன் என்று பெயர்.