ஷஹீதாவின் தலைவலி

மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் இடையே வாடகை ஜீப் ஓட்டிய ஹனீபா, மகள் ஷஹீதாவை ஒரே ஒரு முறைதான் அடித்தார். 1993 மழைக்காலத்தில், தலைவலி என்று மூன்றாவது நாளாகப் பள்ளிக்கூடம் போகாமல் அவள் படுத்துக் கிடந்தபோது. அவளுக்குப் பத்து வயது. பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று நினைத்துவிட்டார்.

அதற்கு முன்னும் தலைவலி வந்ததுண்டு. கண்ணாடி வாங்கிப் போட்டார்கள். மூக்கில் ரத்தம் வந்தபோது, உடம்புச் சூடு என்று மனைவி பாத்திமா தலைக்கு எண்ணெய் வைத்தாள். காட்டிய டாக்டர்கள் நாக்கைப் பார்த்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். ரத்த அழுத்தம் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அது பெரியவர்களுக்கு வருவது.

அடித்த நான்காம் நாள் வகுப்பில் ஷஹீதாவுக்கு வலிப்பு வந்தது. ஹனீபா தன் ஜீப்பிலேயே அவளை மலையிறக்கிச் சேலத்துக்குக் கொண்டுபோனார். பாத்திமாவின் மடியில் கிடந்தவள், கண் தெரியவில்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தேவசிகாமணி, குழந்தைகளுக்கான சிறிய பட்டையை அவள் கையில் சுற்றி அழுத்தம் பார்த்தார். நம்ப முடியாமல் மறுபடியும் பார்த்தார். இருநூறைத் தொட்டிருந்தது. மருந்து ஏற்றியதில் இரண்டு நாளில் பார்வை திரும்பியது. ஆனால் சிறுநீரகங்கள் இரண்டும் சுருங்கிப்போயிருந்தன.

குழந்தைகளின் ரத்த அழுத்தம் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர் அவர். ஒரு வாரம் கழித்து, ஷஹீதாவின் கட்டிலருகே ஹனீபாவை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். ரத்தக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்றொரு வாயுவைச் சுரக்கிறது. அதுதான் குழாயை இளக வைக்கிறது. சிறுநீரகம் கெட்டால், வெளியேற வேண்டிய ஒரு பொருள் ரத்தத்திலேயே தங்கி அந்தச் சுரப்பைத் தடுக்கிறது என்று இப்போதுதான் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். காரணம் இது ஒன்று மட்டுமல்ல. ஆனாலும் குழாய் இறுக இறுக அழுத்தம் ஏறும்.

"அந்த வாயுவ வெளிய இருந்து ஏத்த முடியாதுங்களா?" என்று கேட்டார் ஹனீபா.

"முடியாதுங்க. அது சில நொடிகூட நிக்காது. சொரந்த எடத்துலயே தீர்ந்துரும்."

ஆராய்ச்சிக்காக ஷஹீதாவின் ரத்தம் கொஞ்சம் வேண்டும் என்றார். அதனால் அவளுக்குப் பலன் எதுவும் இருக்காது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

டாக்டர் போனதும் ஷஹீதா அப்பாவிடம் கேட்டாள். "எனக்கு மட்டும் ஏனுங்கத்தா அது சொரக்கல?"

"தெரியலயே கண்ணு."

பிறகு சொன்னாள். "அன்னிக்கு நெசமாவே நொம்ப வலிச்சுதுங்கத்தா."

ஹனீபா வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்தபடி நின்றார். மறுநாள் ரத்தம் எடுக்க வந்தபோது, அவள்தான் முதலில் கையை நீட்டினாள்.

அதன்பிறகு பதினைந்து மாதம் இருந்தாள். அவளுக்காக வீட்டில் மூவருமே உப்பில்லாமல் சாப்பிட்டார்கள். 1995 பிப்ரவரியில், காப்பிச் செடிகள் பூக்கத் தொடங்குமுன் போய்விட்டாள். ஹனீபா நான்கு மாதம் ஜீப்பைத் தொடவில்லை.

மறுபடி ஓட்டத் தொடங்கிய வருஷம், கரடியூர் எஸ்டேட்டில் வேலை செய்யும் பூவாயி, தலைவலியோடு வாந்தியும் எடுக்கும் ஆறு வயது மகள் கலாவதியைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். ஏற்காட்டில் டாக்டரிடம் காட்டிவிட்டு உடனே திரும்பிவிடத்தான் கிளம்பியிருந்தாள். ஹனீபா மற்றவர்களைக் கடைவீதியில் இறக்கிவிட்டு, அவளைக் கேட்காமலே சேலத்துக்கு மலையிறங்கினார். தேவசிகாமணியிடம் கொண்டுபோய் நிறுத்தி, முதலில் அழுத்தம் பார்க்கச் சொன்னார். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் ஓர் அடைப்பு. ஆபரேஷன் செய்து சரிப்படுத்தினார்கள்.

குணமானபின் மகளோடு ஒரு சீப்பு மலைவாழைப்பழம் எடுத்துக்கொண்டு பூவாயி ஹனீபாவின் வீட்டுக்கு வந்தாள். "அண்ணன் ஊட்ல இருக்காருங்களா?" என்று கேட்டாள். அவர் தூங்குவதாகச் சொல்லி, பாத்திமா அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். ஹனீபா உள்ளறையில் விழித்தபடிதான் கிடந்தார். வாசலில் கலாவதி கோழியைத் துரத்திக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது. அவர்கள் போகும்வரை அவர் எழுந்து வரவில்லை.