என்சியோ அனுப்பாத குளிர்காலம்

என்சியோ கல்லுங்கி எங்களோடு கோபித்துக்கொண்டார் என்றுதான் எல்லாரும் முடிவு கட்டியிருந்தோம். முடிவு கட்டுவதில் எங்கள் கூட்டத்தை மிஞ்ச ஆளில்லை. போனை எடுத்து ஒரு வார்த்தை கேட்பதில்தான் மகா கஞ்சத்தனம்.

கூட்டம் என்றால், காட்டுக்குள் திசைகாட்டியோடு ஓடும் போட்டிகளுக்கு வரைபடம் வரைய ஒரு மென்பொருள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டிருக்கும் கூட்டம். ஃபின்லாந்து முழுக்கச் சிதறிக் கிடக்கிறோம். என்சியோ கயானி ஊரில் நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நேரில் பார்த்தால் நாலு வார்த்தை பேசுவதற்குள் காபி ஆறிவிடும். ஆனால் எழுதிய திருத்தத்தைக் கம்மிட் செய்து பதியும்போது, என்ன மாற்றினோம் என்று கூடவே ஒரு குறிப்பு எழுத வேண்டும். அங்கே மட்டும் மனிதர் வாய் திறப்பார். "சதுப்பு நிலத்தின் நீல நிறம் சரிசெய்யப்பட்டது. இங்கே மைனஸ் முப்பது. குளிரில் வீட்டுச் சுவர் படீரென்று சத்தம் போடுகிறது." அது சர்வரில் ஏறியவுடன் எங்கள் எல்லாருக்கும் மின்னஞ்சலாக வந்துவிடும். யாராவது "இங்கே முப்பத்திரண்டு" என்று பதில் போடுவோம். அவருடைய அன்றைய உறவாடல் அவ்வளவுதான். அது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு இலையுதிர் காலத்தில் பழைய சர்வரை விட்டுவிட்டு 'கிட்' என்ற புதிய முறைக்கு மாறினோம். இனி ஒவ்வொருவர் கணினியிலும் மொத்த வரலாறும் இருக்கும், நடுவில் ஒரு சர்வரை நம்பிக் கிடக்க வேண்டாம் என்று ஹெல்சிங்கியிலிருந்து ஓட்சோ எங்களைக் கரைத்தே விட்டான். என்சியோவுக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. எங்களுக்கெல்லாம் மூத்தவர், அவருக்கா தெரியாது என்று விட்டுவிட்டோம். அதன் பிறகு அவரிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை.

"பெருசு முறுக்கிக்கிச்சு. விடு, பனி உருகினா தானா வரும்" என்றான் ஓட்சோ.

மார்ச்சில் வேறு வேலையாகக் கயானி போன நான் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"என்ன மர்யுக்கா, உயிரோட இருக்கேனான்னு பாக்க வந்தியா?"

"நீங்கதானே பேச்ச முறிச்சுக்கிட்டீங்க! மாசக்கணக்கா ஒரு கம்மிட் இல்ல."

காபி ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "இல்லையா? தெனம் போட்டேனே. ஒரு பய பதில் எழுதல."

கணினியை என் பக்கம் திருப்பினார். திரை நிறைய கம்மிட்கள், எல்லாவற்றிலும் அவர் பெயர்தான்.

"புஷ் பண்ணீங்களா?"

"அது எதுக்கு? அதான் கம்மிட் பண்ணிட்டேனே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழைய முறையில் பதிந்தாலே ஊருக்கே போய்ச் சேரும். புதியதில் பதிவது அவரவர் கணினியோடு நின்றுவிடும், புஷ் என்று தனியாகச் சொன்னால்தான் வெளியே போகும். பழைய கைப்பழக்கத்தில் மனிதர் குளிர்காலம் முழுவதையும் தன் வீட்டுக்குள்ளேயே பதிந்து வைத்திருக்கிறார். பிறகு குறிப்புகளைப் படித்தேன், சிரிப்பு நின்றது.

"ஆறு உறைந்துவிட்டது. உயரக் கோடுகள் மெலிதாக்கப்பட்டன." "யாரும் பதில் போடவில்லை. வேலை அதிகம் போல." "கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். வாங்கிய பன்றித்தொடை ஓர் ஆளுக்கு ரொம்பப் பெரிது." எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாகப் பதிந்தது: "அளவுகோல் பிழை சரிசெய்யப்பட்டது. நான் இனி உங்களுக்குத் தேவையில்லை என்று புரிகிறது. இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்."

விடைபெறும்போதும் ஒரு பிழையைத் திருத்திவிட்டுத்தான் போயிருக்கிறார். எங்கள் எல்லார் மேலும் ஆத்திரமாக வந்தது.

"அப்போ இவ்வளவு நாளும் எனக்கு நானேதான் பேசிக்கிட்டிருந்தேனா?" என்றார்.

நான் அவசரமாகச் சொன்னேன்: "அந்தக் கடைசிக் குறிப்ப மட்டும் மாத்திடலாம், என்சியோ. பழைய சர்வர்ல முடியாது, இதுல முடியும். இன்னும் வெளிய போகல, யாருக்கும் தெரியாது."

ஜன்னலுக்கு வெளியே பனியைத் தவிர ஒன்றும் இல்லை.

"மாத்த வேணாம்" என்றார். "நான் இங்க தனியாக் கெடந்தேன்னு யாருக்காவது தெரியட்டும்."

நான் கட்டளையைச் சொல்லச் சொல்ல, அவரே ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி அனுப்பினார்.