நலங்கை முன்னே இழுத்த எக்ஸ்-கதிர்: புக்கிட் பெலண்டோக் சென்றுவந்த கதை

சென்ற சனிக்கிழமை புக்கிட் பெலண்டோக் அருகேயுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்திற்குச் சென்றேன். சுற்றுலாவுக்கு அல்ல, சமரசத்திற்கு. அங்கே வசிக்கும் என் தங்கை சரோஜாவின் மூத்த மகள் மாலினி, ஜெர்மனியில் இயற்பியல் ஆய்வு செய்கிறாள். அங்குள்ள எக்ஸ்-கதிர்க் கூடத்தில் அவளுக்குச் சோதனை நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த நாளோ அவள் தங்கை தேவியின் திருமண நாள். தவறவிட்டால் மீண்டும் கிடைக்கும் என்ற உறுதியில்லை. நான்காண்டு ஆய்வு அதை நம்பியே இருக்கிறது. இதை அம்மாவிடம் சொல்வதற்கு, வழக்கறிஞரான மாமா என்னைத் துணைக்கு அழைத்தாள்.

காலை ஒன்பது மணிக்கு நானும் மாலினியும் கொமுட்டர் எனும் புறநகர் ரயிலில் சிரம்பான் வந்திறங்கினோம். அங்கிருந்து வாடகைக் காரில் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர், கட்டணம் நாற்பத்தைந்து வெள்ளி. "கல்யாண வீடா சார்?" என்று ஓட்டுநர் என்னிடம் கேட்டார்.

"இன்னும் தெரியலண்ணே," என்றாள் மாலினி.

சரோஜா தோட்டத்து நாற்றுமேடையில் வேலை செய்பவள். விடியலில் மண்டோர் எனும் கங்காணி ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அவள் பிந்திப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

"மூத்தவ இல்லாம கல்யாணமா? அந்த வெள்ளைக்காரன ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல்லு," என்றாள், விஷயம் காதில் விழுந்ததும்.

நான் தொண்டையைச் செருமினேன். "அண்ணே, கோர்ட்டுப் பேச்செல்லாம் இங்க வேணாம். அவளே சொல்லட்டும்," என்றாள் சரோஜா.

மாலினி சொன்னாள்: "பெரட்டுக்கு முன்னாடி ஆளுக்கொரு பக்கம் திரும்பி நிப்பீங்கல்லம்மா? மண்டோர் வந்தா வரிசை. பேர் கூப்பிட்டு முடிஞ்சா கலைஞ்சிடுவீங்க. மூலக்கூறும் அப்படித்தான். லேசர் அடிச்சா ஒரே வாக்குல நிக்கும், கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ள கலைஞ்சிடும். அதுக்குள்ள எக்ஸ்-கதிர அடிச்சு, எலக்ட்ரான் எந்தப் பக்கம் தெறிக்குதுன்னு பாக்கணும். அத வச்சுத்தான் உள்ள அணு எப்படி நகருதுன்னு சொல்ல முடியும்."

"பிந்திப் போனா அங்கயும் திருப்பி அனுப்பிடுவானா?"

"அனுப்பிடுவாங்கம்மா."

அதுவரை கேட்டுக்கொண்டிருந்த தேவி குறுக்கிட்டாள். "அப்ப எனக்கு நலங்கு இன்னிக்கே வைங்க. அக்கா மஞ்சள் பூசாம நான் மணவறையில உக்கார மாட்டேன்."

"கல்யாணத்துக்கு மூணு வாரம் கெடக்கு. நலங்கு வெச்ச பொண்ணு வாசல் தாண்டக்கூடாதுடி."

"தாண்டல. வேலைக்கு லீவு சொல்லிடறேன்லா."

"மூணு வாரம் உன்ன வீட்டுல வெச்சு யாரு மேய்க்கிறது?" என்றபடியே சரோஜா மஞ்சள் குழைக்க எழுந்தாள்.

தாய்மாமன் என்ற முறையில் முதலில் நான் வைத்தேன், அடுத்து மாலினி. லேசரைக் கையாளும் அந்தக் கை, தங்கையின் இரு கன்னத்திலும் மஞ்சள் பூசியது. புறப்படும்போது சரோஜா மகளிடம் சொன்னது ஒன்றுதான்: "பெரட்டுக்கு நேரத்துக்குப் போயிடு."

அந்தப் பக்கம் செல்வோருக்கு: தோட்டத்துச் செம்மண் பாதையில் அனுமதியின்றி நுழையாதீர்கள், பழம் ஏற்றிவரும் லாரிகளுக்கு வழிவிடுங்கள், திரும்புவதற்கான காரை முன்பே பேசிவிடுங்கள். நான் தயாரித்துச் சென்ற வாதங்களில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. அதற்காக அந்த மூவருக்கும் நன்றியுடையேன்.

சோதனை வெற்றி பெறுமா என்று கூற எனக்குத் தகுதியில்லை. இதை எழுதும் நேரம் வரை தேவி வாசல் தாண்டவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.