மலையாளத்தில் சாது

பித்தளைக் குழாயால் ஒரு மனிதனின் காதில் அடித்தால் பெரிய சத்தம் வருவதில்லை. மலையாளம் பேசும் எங்கள் நகரத்துச் சாலைக் கடைத்தெருவில் ஓர் இரும்புச் சாமான் மொத்தக் கடையில் கணக்கு எழுதியே பாதி ஆயுளைக் கழித்த எனக்கு, இந்த உண்மை ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால்தான் தெரியவந்தது. பெரிய சத்தம் அடிபட்டவனிடமிருந்து வந்தது. எங்கள் கவுண்டரில் விற்பனை பார்க்கிறவன் அவன். காதைப் பொத்திக்கொண்டு ஆணிப் பெட்டிகளின் மேல் சரிந்தான். விரல் இடுக்குகளில் ரத்தம் இறங்கி, சட்டைக் காலருக்குள் போயிற்று.

அடித்தவர் சரக்குக் கிடங்கான கிட்டங்கிக்குப் பொறுப்பானவர். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்குபவர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். கிட்டங்கிக்குப் பின்னாலிருக்கும் அறையில்தான் வாசம். ஊரில் அவர் மகள் நர்சிங் படிப்பது இந்த வேலையை நம்பித்தான். குழாயைக் கையில் பிடித்தபடி, இன்னும் அடிக்க எங்கே இடமிருக்கிறது என்பதுபோல் கீழே கிடந்தவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரக்கு மாற்றி வந்துவிட்டதாக அவன் சொன்னதுதான் காரணம். சொல்லும்போது அவருடைய தாயாரையும் வாக்கியத்தில் சேர்த்திருந்தான்.

எங்கள் கடையில் ரத்தம் புதிதல்ல. பெரியவர் முதலாளியாக இருந்த காலத்தில் இதற்கென்று ஒரு வைத்தியம் வைத்திருந்தார். அடித்தவனை அவர் அடிப்பார். அடிபட்டவனை டாக்டரிடம் அனுப்புவார். மாலையில் இருவரையும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்காரவைத்து பிரியாணி வாங்கித் தருவார். ஊழியர் நலனின் இன்னொரு அங்கமாக வருடந்தோறும் எல்லோரையும் கல்லாற்றுக்கு அழைத்துப் போவார். கடைசி முறை போனபோது, ஆற்றில் ஒருவன் இன்னொருவனின் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்து, கால்கள் உதறுவது நிற்கும் வரை விடவில்லை. நாலு பேர் சேர்ந்துதான் பிரித்து, அமுங்கியவனை மூச்சு விடவைத்தார்கள். நானும் சும்மா இருக்கவில்லை, புளியோதரைப் பாத்திரத்தைக் கரையேற்றினேன். அத்தோடு சுற்றுலா நின்றது.

பெரியவருக்கு நடமாட்டம் குறைந்ததும் அவர் மகள் பொறுப்பேற்றார். வாடிக்கையாளர் முன்னிலையில் எங்களுக்கு அவர் மேடம். மற்ற நேரத்தில், குழந்தையாகப் பார்த்த உரிமையில் கிட்டங்கிக்காரருக்கு மட்டும் பாப்பா. காது கிழிந்த மறுவாரமே ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு வந்தார். மாடியில் பழைய பெயிண்ட் டப்பாக்கள் இருந்த அறையைக் காலி செய்து, பிளைவுட் தடுப்பு வைத்து, இரண்டு நாற்காலி போட்டார். புதன்கிழமைகளில் ஓர் ஆலோசகர் வருவார். யாருக்கு என்ன மனக்கஷ்டம் இருந்தாலும் போய்ப் பேசலாம். வேண்டுமானால் போனிலும் பேசலாம். பேசியது எதுவும் முதலாளி காதுக்கு வராது.

அப்படியானால் நாம் எதற்குப் பணம் கட்டுகிறோம் என்று கேட்டேன். கணக்குப்பிள்ளையின் கேள்வி.

"நமக்குத் தெரியாம இருக்கதுக்குத்தான், சாமி" என்றார்.

கரமனை அக்ரகாரத்திலிருந்து வருகிறவன் என்பதால் கடை முழுக்க எனக்கு அந்தப் பெயர்தான். மேடம் மேலும் விளக்கினார். அடிதடிக்குப் பயந்து நல்ல ஆட்கள் நிற்காமல் போகிறார்கள், புதிதாக வருகிறவனுக்குச் சரக்கு தெரிவதற்குள் அவனும் போய்விடுகிறான், ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிறவன் கடையில் விற்க முடியாது. இதையெல்லாம் பெரியவரின் பிரியாணி சரிசெய்யவில்லை. கூடவே ஒரு விதியும் வைத்தார். இனி யார் கை ஓங்கினாலும் வேலை கிடையாது, விஷயம் போலீசுக்கும் போகும். கிட்டங்கிக்காரரின் முகத்தைப் பார்த்தே அதைச் சொன்னார்.

அவர் ஒரு புதன்கூடத் தவறாமல் மாடிக்குப் போனார். ஆலோசகர் ஒரு மலையாளப் பெண், இளவயது, தோளில் துணிப்பை. போனவர் சிரித்த முகத்தோடு இறங்கி வருவார். "நல்ல கொச்சு, சாமி. சின்னப் புள்ள. நாம பேசுனதக் கேட்டு அதுக்கே கண்ணு நெறஞ்சு போச்சு" என்றார் ஒருநாள். அந்தப் பெண் கிளம்பும்போது குடையை விரித்துக் கொடுத்து, பார்த்துப் போகும்படி மலையாளத்தில் சொல்லி, அது தெருமுனை திரும்பும் வரை நிற்பார். அதன்பின் திரும்பி, லாரியிலிருந்து குழாய்க் கட்டை நழுவவிட்ட ஒருவனைத் தமிழில் நார்நாராகக் கிழிப்பார்.

விஷயம் என் கண் முன்னாலேயே இருந்தது. நிறையப் படித்தவன் என்று பெயர் எடுத்திருந்ததால் எனக்கு அது தெரியவில்லை.

அடுத்த ரத்தம் என்னுடையது. தென்காசிப் பக்கத்திலிருந்து சரக்கு கொண்டுவந்த லாரி டிரைவர் ஒருவன் ஏதோ சொல்ல, கிட்டங்கிக்காரர் அவன் கழுத்தை ஒரே கையால் பிடித்து ஷட்டரோடு சேர்த்து அழுத்தினார். தகடு அதிர்ந்தது. அவன் நாக்கு வெளியே வந்தது, செருப்பு தரையைப் பிராண்டியது. காதில் கட்டோடு கவுண்டரில் நின்ற விற்பனையாளன் அசையவில்லை. அகிம்சை பற்றி என்னிடம் ஓர் அலமாரி புத்தகங்கள் இருக்கின்றன. அந்தத் தகுதியில் நான் இடையில் புகுந்தேன். அவருடைய முழங்கை என் கண்ணாடியை மூக்குக்குள் அனுப்பியது. உதடு பிளந்தது, வாயில் ஒரு பல் தனியாக உருண்டது. என்னைப் பார்த்ததும்தான் அவர் கை தளர்ந்தது. டிரைவர் கீழே விழுந்து, இருமி, வாந்தி எடுத்தான். பிறகு லாரியை எடுத்துக்கொண்டு போனவன் போனவன்தான், புகார் கொடுக்கவில்லை.

உதட்டில் தையலோடு வீட்டுக்குப் போனேன். "அடி வாங்கிண்டு வர வயசா இது? பேரனுக்கு யாரு பதில் சொல்றது?" என்று கேட்டுவிட்டு என் மனைவி ரசத்தை ஆற்றி வைத்தாள்.

மறுநாள், புதன்கிழமை, மேடம் என்னைக் கூப்பிட்டார். அவர் மேசையில் வேலைநீக்கக் கடிதம் தயாராக இருந்தது. அடி உங்கள் மேல் விழுந்தது, நீங்களே சொல்லுங்கள் என்றார். ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன். பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த மனிதரை வெளியே அனுப்பினால் தெருவில் என்னைத் தேடி வருவாரே என்ற பயமும் அதில் இருந்தது. சரி என்ற மேடம், என் உதட்டைக் காட்டி, நீங்களும் மாடிக்குப் போங்கள் என்றார்.

போனேன். என் உதட்டுத் தையலைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு, கிட்டங்கிக்காரரைப் பற்றித் தொடங்கினேன். அப்படி ஒருவர் தன்னிடம் வருகிறாரா இல்லையா என்பதைக்கூடத் தன்னால் சொல்ல இயலாது என்றது அந்தப் பெண். வாரந்தோறும் அவர் குடை பிடிப்பதைக் கடையே பார்க்கிறது என்றேன். அப்போதும் சொல்ல இயலாது என்றது. எனக்கு மரியாதை வந்துவிட்டது.

அவரை விட்டு என்னைப் பற்றியே பேசச் சொன்னது. நானும் மலையாளத்தில்தான் பேசிக்கொண்டிருந்தேன். சாந்தமாக, அழகாக, சிறு நகைச்சுவையோடு. முதல் நாள் பல் போனதை வானிலை அறிக்கைபோல் சொல்லிக்கொண்டிருந்தேன். சட்டென்று நிறுத்தினேன். எனக்கு மலையாளம் பள்ளிக்கூடத்திலும் பதிவு அலுவலகத்திலும் பேசும் மொழி. அதில் எனக்குக் கோபமே வராது. அந்த மனிதரோ அந்த மொழியைக் கற்றதே போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும். கைகட்டி நிற்பதற்கான மலையாளம் மட்டும்தான் அவரிடம் உண்டு. அத்தனை புதன்கிழமைகளாக மாடி ஏறியது கைகட்டி நின்ற ஆள்தான். கழுத்தைப் பிடித்த ஆள் கீழேயே இருந்துவிட்டார்.

யாரையும் குறிப்பிடாமல், தமிழில் பேசும் ஆலோசகர் கிடைப்பாரா என்று மட்டும் கேட்டேன். அந்தப் பெண் துணிப்பையிலிருந்து ஒரு டயரியை எடுத்துப் புரட்டியது. நாகர்கோவிலில் ஓர் அம்மா இருக்கிறார், போனில் பேசுவார் என்றது.

அடுத்த புதன்கிழமை கிட்டங்கிக்காரர், நாகர்கோவில் அம்மாவிடம் பேச, போனோடு அறைக்குள் போனார். கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. பிறகு தடுப்பைத் தாண்டி ஒரு சத்தம் வந்தது. மனிதத் தொண்டையில் இருந்து வந்ததென்று நம்ப எனக்கு நேரமாயிற்று. நாற்காலி சுவரில் மோதி உடைந்தது. பிளைவுட்டில் குத்து விழுந்து, மாடிப்படியில் தூசி கொட்டியது. "எங்கப்பன் என்ன..." என்று ஆரம்பித்தது ஒரு வாக்கியம். கவுண்டரில் எல்லோரும் தலையைத் தூக்கினார்கள். நான் ஓடிப்போய், குழாய்க்கு மரை போடும் மிஷினைப் போட்டுவிட்டேன். உள்ளே குழாய் இல்லை, வெறுமனே அலறியது. என்ன செய்கிறீர்கள் என்று மேடம் சைகையில் கேட்டார். ஒப்பந்தத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எந்தச் சைகையில் சொல்வது? அவர் மாடியைப் பார்த்தார், புரிந்துகொண்டார், வேலைநீக்கக் கடிதத்தை எடுத்து மேசைக்குள் போட்டார்.

பல புதன்கிழமைகள் மிஷின் வெறுமனே ஓடியது. அந்த வாக்கியம் எப்படி முடிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கீழே மாற்றம் தெரிந்தது. கத்தினார், ஆனால் கை பின்னால் கட்டியிருந்தது. புதிதாக வந்த இருவர் நிலைத்து நின்றார்கள். மேடம் சொன்ன லாபம் கணக்கிலேயே தெரிய ஆரம்பித்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

நாங்கள் எல்லோரும் மறந்த ஓர் ஆள் இருந்தான். காதில் பாதிச் சத்தம் மட்டும் கேட்கிற விற்பனையாளன். அடி வாங்கியவனுக்கு எதற்குக் கவுன்சிலிங் என்று ஆரம்பத்திலேயே மறுத்துவிட்டவன். ஒரு புதன்கிழமை காலை, குனிந்து சரக்கு எண்ணிக்கொண்டிருந்த கிட்டங்கிக்காரரின் முதுகில் முறுக்குக் கம்பியால் அடித்தான். திரும்பியவரின் நெற்றியில் மறு அடி. தோல் திறந்து ரத்தம் ஒரு கண்ணை மூடியது. அடிக்க அடிக்கத் திட்டினான். எல்லாம் மலையாளத்தில், நான் எந்த அலுவலகத்திலும் கேட்டிராத மலையாளத்தில்.

கிட்டங்கிக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிடுங்கவில்லை. அவர் கழுத்து நரம்புகள் புடைத்து நின்றன. கடையில் எல்லோரும் பின்னால் நகர்ந்தோம். இந்த முறை நான் இடையில் புகவில்லை. பிறகு கம்பியை விட்டுவிட்டு சிமெண்டு மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

மேடம் ஓடிவந்து, விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று அவனிடம் சொல்லத் தொடங்கினார்.

"அவன வெளிய விடாண்டாம் பாப்பா, மேல விடு" என்றார் கிட்டங்கிக்காரர். துண்டை நெற்றியில் அழுத்திக்கொண்டே தொடர்ந்தார். "அவனுக்கு நாகர்கோவில் அம்மா சரிவர மாட்டா. என்னை அண்ணாச்சின்னு கூப்பிட மட்டும்தான் அவனுக்குத் தமிழ். அவன் வெட்டு, குத்து எல்லாம் மலையாளம்லா. அந்தக் கொச்சுதான் அவனுக்குச் சரி."

மேடம் என்னைப் பார்த்தார். எனக்காக ஒரு தடவை வளைந்த விதி அது. நான் தலையாட்டினேன். விற்பனையாளன் மேல்மூச்சு வாங்க மாடிப்படியில் கால் வைத்தான். கம்பியைக் கீழே வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். அது விற்பனைக்கு உள்ள சரக்கு.